கட்டணப் போராட்டம் வந்தால் மதுரையில் ராத்திரிக் கடை படுத்துவிடுமா?

ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது: "நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் கல்லூரி, விடுதிகளை நம்பி ராத்திரி பரோட்டாக் கடை போடலாம் என்று இருக்கிறேன். ஆனால் கட்டணத்தை ஏற்றினால் மாணவர்கள் கேட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். கனடாவில் மாண்ட்ரியல் என்ற ஊரில் 2012-ல் இப்படிப் போராட்டம் நடந்து ராத்திரி வியாபாரமே அடிவாங்கியது என்று படித்தேன். இங்கேயும் அப்படி ஆகுமா? வேறு இடம் பார்க்கட்டுமா?"

இடத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதல் பாதிக்குப் பதில்: மாணவர்கள் உட்காருவதால் உங்கள் கடை படுக்காது. விடுதியைக் காலி செய்யச் சொல்லி ஒட்டும் நோட்டீஸால் படுக்கும், ஒன்பதரைக்கே வந்து விளக்கை அணைக்கச் சொல்லும் ரோந்து ஜீப்பால் படுக்கும். இந்த இரண்டும் நாலு நாள், பத்து நாள் கூத்து. மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பையன்கள் எதை எதிர்த்து உட்கார்ந்தார்களோ அந்தக் கட்டணமேதான் அது. கட்டணமும் பரோட்டாவும் ஒரே பாக்கெட்டில் இருந்துதான் வர வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். அப்பா கோரிப்பாளையத்துக்கும் செல்லூருக்கும் நடுவில் பத்தொன்பது வருடம் ராத்திரிக் கடை வைத்திருந்தார். பத்தாவது படிக்கும்போதே என்னைக் கல்லாவில் உட்கார வைத்தார், இயற்பியல் புத்தகத்தில் இன்னும் சால்னா கறை இருக்கிறது. இப்போது சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது, பதிவுகள் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. இருபது, இருபத்தைந்து ராத்திரிக் கடைகளின் தினக் கணக்கு என் கை வழியாகத்தான் போகிறது. எது ஏறுகிறது எது இறங்குகிறது என்பது வாய்ப்பேச்சில் தெரிவதைவிட நோட்டில் நன்றாகத் தெரியும்.

நம் ஊர் ராத்திரி என்றால் என்ன என்பதில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதைத் தீர்த்துவிட்டு மேலே போவோம். மாண்ட்ரியலில் பார் உண்டு, டான்ஸ் கிளப் உண்டு, தெருவோரம் நாற்காலி போட்டு பீர் கொடுக்கும் இடங்கள் உண்டு. இங்கே டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்குச் சாத்தப்படும். அதற்கு மேல் மதுரை விழித்திருப்பது சாப்பாட்டுக்காகவும் வேலைக்காகவும். மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் நாளங்காடி, அல்லங்காடி என்று பகல் கடைத்தெரு, ராத்திரிக் கடைத்தெரு இரண்டையும் பாடி வைத்திருக்கிறார், தூங்கா நகரம் என்று பெருமை பேசும்போதெல்லாம் அதை இழுப்பார்கள். சரி, அந்த அல்லங்காடியில் இன்றைக்கு யார் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். மாட்டுத்தாவணியில் பஸ் மாறுகிறவர்கள், விடிவதற்கு முன்பே பூ மார்க்கெட்டுக்கு வருகிறவர்கள், காய்கறி மூட்டை இறக்குகிறவர்கள், பெரியாஸ்பத்திரியில் நோயாளியோடு தங்கியிருப்பவர்கள், செகண்ட் ஷோ முடிந்து வருகிறவர்கள், ராத்திரி ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கோயிலுக்கு வந்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள். மாணவர்கள் இந்த வரிசையில் ஒரு பங்குதான். நெல்பேட்டையிலும் சிம்மக்கல்லிலும் இருக்கிற கடைக்காரரிடம் போய் "ஸ்டூடண்ட்ஸ் ஸ்ட்ரைக்னால வியாபாரம் எப்படி?" என்று கேட்டால் "எந்த ஸ்ட்ரைக்?" என்பார்.

ஆக, அடி விழுவது விடுதிகளைச் சுற்றி அரைக் கிலோமீட்டர் வட்டத்தில்தான். ஆனால் அந்த வட்டத்துக்குள் விழும் அடி நிஜமான அடி. எங்களுக்கே விழுந்திருக்கிறது.

நான் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த சமயம். எங்கள் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் (பெயர் வேண்டாம், அது இன்னும் நடக்கிறது) வருடத்தின் நடுவில் திடீரென்று வளர்ச்சி நிதி என்று ஒரு தொகையும் பஸ் கட்டணத்தில் ஒரு ஏற்றமும் வந்தது. பையன்கள் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். முதல் மூன்று நாளும் எங்களுக்கு நல்ல வியாபாரம் என்றே சொல்ல வேண்டும். பகலில் டீக்கடைக்காரர் கேன் கேனாகக் கொண்டுபோனார், ராத்திரி பையன்கள் கூட்டமாக வந்து பேசிப் பேசியே சாப்பிட்டார்கள். அடுத்த நாள் என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்கிற இடமே எங்கள் கடை பெஞ்சுதான், தீர்மானம் நீள நீள ஆம்லெட்டும் நீளும். நாலாம் நாள் மூன்று மணிக்கு வழக்கம்போல மாஸ்டர் மாவு பிசைந்தார், 12 கிலோ மைதா. எங்கள் கணக்கில் கிலோவுக்குப் பதினைந்து பரோட்டா, ஆக 180. பிசைந்து ஈரத்துணி போட்டு மூடிவிட்டு அவர் பீடி பிடிக்கப் போனார். நாலரை மணிக்கு ஒரு பையன் ஓடிவந்து, "அண்ணே, காலேஜுக்குத் தேதி சொல்லாம லீவு விட்டுட்டாங்க, ஹாஸ்டலை ஆறு மணிக்குள்ள காலி பண்ணணுமாம், பெட்டியை இங்க வச்சுட்டுப் போகவா?" என்றான். ஆறு மணிக்குக் கடை வாசல் முழுக்கப் பெட்டியும் வாளியும் தலையணையும். ஏழு மணிக்கு அதுவும் இல்லை, பையன்கள் உசிலம்பட்டி, கம்பம், பரமக்குடி என்று ஆளுக்கொரு பஸ்ஸில் ஏறிவிட்டார்கள்.

மாவு என்ன ஆகும்? இட்லி மாவென்றால் நாளைக்குப் புளித்தாலும் ஊத்தப்பமாகப் போட்டு ஒப்பேற்றலாம். எண்ணெய் போட்டுப் பிசைந்து ஊற வைத்த மைதா மறுநாள் கையில் இழுபடாது, வீசினால் கிழியும். அப்பா கொஞ்ச நேரம் மூடியைத் திறந்து பார்த்தார், மறுபடி மூடினார், அப்புறம் மாஸ்டரிடம் எல்லாவற்றையும் பாதி வேக்காட்டில் போட்டு அடுக்கச் சொன்னார். நானும் சப்ளையரும் அதைத் தட்டோடு கட்டி சைக்கிளில் வைத்து, பெரியாஸ்பத்திரி வாசல் பக்கம் கடை வைத்திருந்த சித்தப்பாவிடம் அசல் விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். சித்தப்பா கடையில் அன்றைக்கும் கூட்டம் குறையவில்லை. ஆஸ்பத்திரிக்கு லீவு கிடையாது.

மாவு நட்டம் சின்ன நட்டம். பெரிய நட்டம் கணக்கு நோட்டில் இருந்தது. அப்போது மாதக் கணக்கு வைத்துச் சாப்பிடும் பையன்கள் முப்பது பேருக்கு மேல், வீட்டிலிருந்து பணம் வந்ததும் கொடுப்பார்கள். அன்றைக்கு நோட்டில் நின்ற பாக்கி நாலாயிரத்துச் சொச்சம். பதினோரு நாள் கழித்துக் கல்லூரி திறந்ததும் முக்கால்வாசிப் பேர் முதல் நாளே வந்து கொடுத்துவிட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும், மாணவன் கடன் அவ்வளவு சீக்கிரம் மூழ்காது. வராதவர்கள் யார் என்று விசாரித்தால் படிப்பை விட்டவர்கள். அதில் ஒருவன் மூன்று வருடம் கழித்து வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணத்தில் என்னைப் பார்த்து, "உங்களுக்கு 186 ரூபாய் தரணும்ல" என்று பணத்தை எடுத்தான். எனக்கே அந்தத் தொகை மறந்துபோயிருந்தது.

அந்தப் பதினோரு நாளும் மாஸ்டருக்கும் சப்ளையருக்கும் தினக்கூலி நின்றது. கடை சாத்தியிருந்தாலும் வாடகை ஓடும், தினம் வசூலிக்கிற கடன் கொடுத்த தண்டல்காரர் சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டியை நிறுத்துவார். ராத்திரிக் கடைக்காரர்களில் பாதிப் பேர் தினத் தண்டலில்தான் ஓடுகிறார்கள், ஒரு நாள் விட்டால் மறுநாள் இரண்டு நாளையது கொடுக்க வேண்டும். "போராட்டத்தால் நட்டம்" என்று கடைக்காரர் சொல்லும்போது அவர் வாயில் வருவது போராட்டம் என்ற சொல்தான், மனதில் இருப்பது தண்டல் அட்டை. நோட்டைப் புரட்டினால் போராட்டம் நடந்த மூன்று நாளும் வசூல் கூடுதல், நிர்வாகம் விடுதியை மூடிய பதினோரு நாளும் சுழி. நட்டத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று நீங்களே சொல்லுங்கள்.

இது எங்கள் ஒரு கடைக் கதை என்று நினைக்க வேண்டாம். சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மாணவர்கள் 2020 டிசம்பரில் தொடங்கி ஜனவரி முழுக்கப் போராடினார்கள். பல்கலைக்கழகத்தை அரசு 2013-லேயே எடுத்துக்கொண்டுவிட்டது, எம்பிபிஎஸ் கட்டணம் மட்டும் வருடத்துக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் நின்றது, மற்ற அரசுக் கல்லூரியில் 13,610 ரூபாய். அங்கேயும் ஜனவரியில் விடுமுறை விட்டு விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள், மாணவர்கள் போகாமல் உட்கார்ந்தார்கள். கடைசியில் 2021-ல் அரசுக் கட்டணமே அங்கேயும் வந்தது. போராட்டம் என்றதும் நிர்வாகத்தின் கை முதலில் விடுதிச் சாவிக்குப் போகும் என்பது எல்லா ஊருக்கும் பொது. பையன்களுக்குச் சோறும் தண்ணீரும் இல்லாமல் செய்தால் கூட்டம் தானாகக் கலையும் என்ற கணக்கு. அந்தக் கணக்கில் தெருமுனைப் பரோட்டாக் கடை வராது.

இப்போது ஜீப். மதுரையில் ராத்திரிக் கடை எத்தனை மணி வரை திறந்திருக்கலாம் என்பது சட்டத்தில் ஒன்று, தெருவில் ஒன்று. 2019-ல் தமிழக அரசு ஒரு ஆணை போட்டது, பத்து பேர், அதற்கு மேல் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று. அதை 2022-ல் நீட்டித்தார்கள். பத்திரிகையில் "இனி விடிய விடிய கடை" என்று வந்ததும் அப்பா உட்பட எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பத்து பேருக்கு நாங்கள் எங்கே போவது? ஒரு மாஸ்டர், ஒரு சப்ளையர், பாத்திரம் கழுவும் அக்கா, கல்லாவில் நான். நம் மாதிரிக் கடைக்கு அந்த ஆணை குடை ஆகாது. சாதாரண நாளில் பதினொன்று, பதினொன்றரை வரை யாரும் கேட்க மாட்டார்கள். பக்கத்தில் ஒரு போராட்டம் என்றால், அது ஒரு கிலோமீட்டர் தள்ளி நடந்தாலும், "நாலு பேர் கூடுற இடம்" என்று ஒன்பதரைக்கே சாத்தச் சொல்வார்கள். தடை உத்தரவு (முன்பு 144 என்போம், 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்தபிறகு அது 163) போடாத நாளிலும் இது நடக்கும், வாய் உத்தரவுதான்.

ஒன்றரை மணி நேரம்தானே என்று தோன்றும். என்னிடம் கணக்கு எழுதும் கடைகளில் நான் கவனித்த வரை, மாணவர் வட்டத்தில் இருக்கிற கடைக்கு ராத்திரி வசூலில் கிட்டத்தட்ட பாதி ஒன்பதரைக்கு மேல்தான் விழுகிறது. விடுதிச் சாப்பாடு ஏழரை, எட்டு மணிக்கு முடிந்துவிடும். பையனுக்குப் பசி பத்து மணிக்கு மறுபடி வரும். கொத்துப் பரோட்டா, முட்டைப் பரோட்டா, கலக்கி என்று கடைக்கு லாபம் தரும் ஐட்டம் எல்லாம் அந்த நேரத்தில்தான் போகும். அதற்கு முன்னால் போவது இட்லியும் வெறும் பரோட்டாவும், அதில் மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. போலீஸையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். நாளைக்கு ஒரு கல் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது அவர்கள். ஆனால் வாய் உத்தரவுக்கு ரசீது கிடையாது, நட்டத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

மாண்ட்ரியலுக்கு வருகிறேன். அங்கே நடந்தது இது. கியூபெக் மாகாண அரசு பல்கலைக்கழகக் கட்டணத்தை 2,168 டாலரிலிருந்து ஐந்து வருடத்தில் 3,793 டாலராக ஏற்றப்போவதாக அறிவித்தது. 2012 பிப்ரவரியில் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள், சட்டையில் சிவப்புத் துணிச் சதுரம் குத்திக்கொண்டார்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து தினமும் ராத்திரி எட்டரைக்கு நகரத்தின் நடுவில் ஒரு சதுக்கத்தில் கூடி ஊர்வலம், அதுவும் நூறு ராத்திரிக்கு மேல். மே மாதம் அரசு அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்தது, ஐம்பது பேரும் அதற்கு மேலும் கூடினால் எட்டு மணி நேரத்துக்கு முன்பே போலீஸுக்கு வழியைச் சொல்ல வேண்டும் என்று. அதற்குப் பிறகு மாணவர் அல்லாதவர்களும் ராத்திரி எட்டு மணிக்கு வீட்டு வாசலில் நின்று சட்டி பானையைத் தட்டினார்கள். செப்டம்பரில் தேர்தல், அரசு தோற்றது, வந்த அரசு கட்டண உயர்வை ரத்து செய்தது.

இதை மதுரையோடு ஒட்டிப் பார்ப்பதில் இரண்டு தப்பு இருக்கிறது. ஒன்று, அங்கே ஊர்வலமே ராத்திரியில், அதுவும் பார்களும் உணவகங்களும் வரிசையாக இருக்கிற தெருக்கள் வழியாக. வாடிக்கையாளர் காரை எங்கே நிறுத்துவது, எப்படி வீட்டுக்குப் போவது என்று பயந்து வராமல் இருப்பார். ஊர்வலத்தில் சில ராத்திரி கண்ணாடியும் உடைந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. இங்கே மாணவர் போராட்டம் பகல் சமாச்சாரம். காலை பத்து மணிக்குக் கல்லூரி கேட், இல்லையென்றால் கலெக்டர் ஆபீஸ் பக்கம், சாயங்காலம் கலைந்துவிடும். ராத்திரிக் கடைக்கும் அதற்கும் நேரமே ஒட்டாது. இன்னொன்று, அங்கேயும் ராத்திரிக் கடைக்கு நேராக விழுந்த அடி எது என்று பார்த்தால், மே மாதம் ஒரு ராத்திரி சான்-தெனி தெருவில் ஒரு பாரின் வாசல் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள்மேல் போலீஸ் மிளகுத் தெளிப்பான் அடித்ததுதான் அதிகம் பேசப்பட்டது. அடி வாங்கியவர்கள் பீர் குடிக்க வந்தவர்கள். ஆக அங்கேயும் ஊர்வலத்தால் விழுந்தது, போலீஸால் விழுந்தது என்று கணக்கை இரண்டு பத்தியாகப் போட்டால்தான் சரியாக வரும்.

உட்காருகிற போராட்டம் ராத்திரியும் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே பெரிய உதாரணம் இருக்கிறது, கட்டணத்துக்காக நடந்தது இல்லை என்றாலும் சொல்கிறேன். 2017 ஜனவரி, ஜல்லிக்கட்டு. தமுக்கத்தில் மாணவர்கள் ராப்பகலாக உட்கார்ந்திருந்தார்கள், வைகைப் பாலத்தில் ரயிலை மறித்து நிறுத்தினார்கள், எங்கள் கடையிலிருந்து அதெல்லாம் நடக்கிற தூரம். இவ்வளவு கூட்டத்துக்கு பரோட்டா போட்டு மாளாது என்று அப்பா முதல் நாள் மைதாவைக் கூட வாங்கினார். நடந்தது தலைகீழ். ஊரே சோறு கொண்டுவந்து கொடுத்தது. தக்காளி சாதம், லெமன் சாதம், பிரியாணிப் பொட்டலம், பிஸ்கெட், தண்ணீர்ப் பாக்கெட், வண்டி வண்டியாக வந்து இறங்கியது. யார் கடைக்கு வந்து காசு கொடுத்து பரோட்டா தின்பார்கள்? டீயும் சுக்குமல்லிக் காப்பியும் பிய்த்துக்கொண்டு போனது, பனி வேறு. பரோட்டா தூங்கியது. மூன்றாம் நாள் அப்பாவே ஒரு அண்டா தக்காளி சாதம் கிண்டி அனுப்பிவிட்டார், "நாம மட்டும் கல்லாவைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தா நல்லா இருக்காது" என்றார். 20-ம் தேதி வணிகர் சங்கங்களே கடையடைப்பு அறிவித்தன. 23-ம் தேதி போலீஸ் கலைக்கத் தொடங்கிய அன்று எங்கள் தெருவில் ஒரு கடைகூட இல்லை. அந்த வாரம் எங்களுக்கு லாபமும் இல்லை, பெரிய நட்டமும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் ஒரு மாதம், எங்கள் தக்காளி சாதத்தைத் தின்ற பையன்கள் தேடி வந்து சாப்பிட்டார்கள். இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சரி, நான் முதலில் சொன்ன மூன்றாவது. இதுதான் மெதுவாகக் கொல்வது.

2017-ல் பொறியியல் கட்டணத்தை நிர்ணயக் குழு ஏற்றியது. கவுன்சிலிங்கில் சேருகிறவனுக்கு 40,000 ஆக இருந்தது 50,000 ஆனது, என்பிஏ என்ற தரச் சான்று பெற்ற பிரிவு என்றால் 45,000 போய் 55,000. வருடத்துக்குப் பத்தாயிரம். கல்லூரி நாளையும் விடுதியில் கிடக்கிற நாளையும் சேர்த்து முந்நூறு நாள் என்று வையுங்கள், நாளுக்கு 33 ரூபாய். அது அப்போதைய விலையில் ஒரு பையனின் ராத்திரித் தட்டு, ஆம்லெட்டோடு. அப்பன் பத்தாயிரத்தைக் கூடச் சம்பாதித்துக் கொடுத்தால் தட்டு தப்பும். பல வீட்டில் கைச்செலவுக்கு அனுப்புவதில்தான் குறைப்பார்கள். சின்னத் தொகையும் இப்படித்தான். 2023 நவம்பரில் அண்ணா பல்கலைக்கழகம் தேர்வுக் கட்டணத்தைத் தாளுக்கு 150-லிருந்து 225 ஆக்கப் பார்த்தது. ஆறு தாள் என்றால் 450 ரூபாய் கூடுதல். பரோட்டா 15 ரூபாய் என்றால் முப்பது பரோட்டா. நாலு அரியர் வைத்திருப்பவனுக்கு இன்னும் இருபது. எதிர்ப்பு கிளம்பியதும் அமைச்சர் அதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார். எதிர்த்தவர்கள் யாரும் பரோட்டாக் கடையை நினைத்து எதிர்க்கவில்லை, ஆனால் அந்த முப்பது பரோட்டாவும் நம் கல்லில்தான் வெந்தது.

கட்டணம் ஏறியது கடைக்காரனுக்கு எப்படித் தெரியும் என்றால், தலை எண்ணிக்கையில் தெரியாது. அதே பையன்கள் அதே நேரத்துக்கு வருவார்கள். முன்பு இரண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட், சில நாள் ஒரு சிக்கன் என்று போனது, அப்புறம் மூன்று பரோட்டா மட்டும் என்று ஆகும், அப்புறம் இரண்டு. இரண்டு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, "அண்ணே, சால்னா ஊத்துங்க" என்பான். ஊற்றுவீர்கள். "இன்னும் கொஞ்சம்" என்பான். சால்னாவுக்கு நாம் காசு வாங்குவதில்லை, ஆனால் அதில்தான் எலும்பு, தேங்காய், கசகசா, பட்டை சோம்பு என்று நம் பணம் முழுக்கக் கொதிக்கிறது. பசியைப் பரோட்டாவில் தீர்க்க முடியாதவன் சால்னாவில் தீர்ப்பான். அப்பா இதைக் கண்டுபிடித்தது பரோட்டா எண்ணி இல்லை. மைதா வழக்கத்தைவிடக் குறைவாகப் போகிறது, சால்னா அண்டா பத்து மணிக்கே காலியாகிறது, அதை வைத்துத்தான். கட்டணம் கட்டும் கடைசித் தேதிக்கு முந்தைய பத்து நாள் சால்னா எப்போதும் பற்றாது. கடைசியில் அவர் அந்த நாட்களில் சால்னாவைக் கொஞ்சம் நீர்க்க விட்டார், பையன்களும் ஒன்றும் சொல்லவில்லை.

இதில் ஒரு விஷயம் மாறியிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேருகிற அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அந்தப் பையன்கள் கடையில் கட்டண மாதமும் சாதா மாதமும் ஒரே மாதிரி சாப்பிடுகிறார்கள், நான் நோட்டில் பார்க்கிறேன். அரசு விடுதியில் கல்லூரி மாணவனுக்கு உணவுப் படி 2023-ல் 1,100-லிருந்து 1,500 ஆனது. நாளுக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்கு. அவனுக்கு ராத்திரி பத்து மணிக்குப் பசிப்பதில் ஆச்சரியம் இல்லை.

கட்டணம் ஏறினால் இன்னொன்றும் நடக்கும்: சாப்பிட வந்தவன் வேலை கேட்டு வருவான். எங்கள் கடையிலேயே இரண்டு பேர் சப்ளையராக இருந்து படித்தார்கள், இப்போது பெரும்பாலும் சாப்பாடு டெலிவரி வண்டி. முதுகில் பையை மாட்டிக்கொண்டு கடை வாசலில் பார்சலுக்கு நிற்கிறவனில் பாதி, நேற்றுவரை உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டவன். பெண்கள் விடுதி கேட் சீக்கிரமே பூட்டிவிடுவார்கள், அங்கேயிருந்து வரும் ஆர்டர் எல்லாம் இந்த வண்டியில்தான் போகிறது. அதனால் போராட்டம் என்று பெண்கள் விடுதியை மூடினால் முன்பு நமக்கு ஒன்றும் தெரியாது, இப்போது ஆப் வசூலில் தெரியும்.

இனி உங்கள் இடம். நாகமலை புதுக்கோட்டை கெட்ட இடம் இல்லை. காமராசர் பல்கலைக்கழகம் பக்கத்தில், தேனி ரோடு முன்னால். ஆனால் பல்கலைக்கழகத்தை மட்டும் நம்ப வேண்டாம், அங்கே சமீப வருடங்களில் நடந்த போராட்டங்களில் சம்பளமும் ஓய்வூதியமும் வரவில்லை என்று ஊழியர்கள் உட்கார்ந்ததும் உண்டு. சம்பளம் வராத ஆளும் கட்டணம் கட்டிய பையனும் கடைக்காரனுக்கு ஒன்றுதான். கடையை விடுதிச் சந்துக்குள் போடாமல் ரோட்டைப் பார்த்துப் போடுங்கள், உசிலம்பட்டி, தேனி பஸ்ஸும் லாரியும் நிற்கிற மாதிரி. வாடகை ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கூட இருந்தாலும் பரவாயில்லை. பாதி வசூல் ரோட்டிலிருந்து, பாதி விடுதியிலிருந்து என்று அமைந்தால் எந்த நோட்டீஸும் உங்களைச் சாய்க்காது.

மாதக் கணக்கு கொடுங்கள், ஆனால் ஆளுக்கு ஒரு உச்சம் வையுங்கள், அதைத் தாண்டினால் சிரித்துக்கொண்டே நோட்டை மூடிவிடுங்கள். கல்லூரி வாட்ஸ்ஆப் குழு எதிலாவது இருக்கிற ஒரு பையன் உங்களுக்குச் சிநேகிதனாக இருக்க வேண்டும், கேட்டில் ஆள் உட்கார்ந்த நாளில் மூன்று மணிக்கு அவனுக்கு ஒரு போன் போட்டுவிட்டு மாவில் கை வையுங்கள். முதலில் பாதி மாவு பிசையுங்கள், ஏழு மணிக்கு மீதி. மாஸ்டர் முணுமுணுப்பார், இரண்டு தடவை பிசைய யாருக்குத்தான் பிடிக்கும், டீ வாங்கிக் கொடுத்துச் சமாளியுங்கள். முதல் வருடம் தண்டலில் இறங்க வேண்டாம், முடிந்தால்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் அந்த இடத்துக்கு இரண்டு தடவை போய்ப் பாருங்கள். ஒரு தடவை சாதாரண நாளில், ராத்திரி ஒன்பதரைக்கு மேல். இன்னொரு தடவை செமஸ்டர் லீவில், அதே நேரத்துக்கு. லீவு நாளில் அங்கே ஏற்கெனவே கடை வைத்திருப்பவர் கல்லை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் வேறு இடம் பாருங்கள்.